கடைசிப் பாத்தித் தண்ணீர்

மரக்காணத்தில் காசிலிங்கத்தின் ஒர்க்‌ஷாப் வாசலில் அந்த ஜீப் வந்து நின்றபோது காலை வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரி பஸ்கள் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு பறந்தன. ரோட்டுக்கு அந்தப் பக்கம் உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைத்தன. பேய்க்கதை கேட்க உட்கார்ந்தவர்களுக்கு இவ்வளவு வெளிச்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பொறுங்கள். எல்லாப் பேயும் அமாவாசைக்குக் காத்திருப்பதில்லை.

ஜீப்பிலிருந்து குதித்து இறங்கியவன் பவுல்ராஜ். பின்தட்டியைத் திறந்து நாலு டயர்களை உருட்டி இறக்கினான். காசிலிங்கம் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே அவற்றைச் சுற்றி வந்தான்.

"ஏம்பா பவுலு, இது டிராக்டரு டயராட்டம் இருக்குதே?"

"டிராக்டரோட முன் டயருதாண்ணா. ஏழரை பதினாறு. திண்டிவனத்துல பழைய டயர்க் கடையில எடுத்தேன். ரிம்மு அதே பதினாறுதான், கச்சிதமா உக்காந்துடும்."

"ஆறு பதினாறு ஓடிக்கிட்டிருந்த வண்டிக்கு ஏழரைய வாங்கிட்டு வந்திருக்கான் பாரு! அவனவன் ஏழரை எப்படா உடும்னு திருநள்ளாறுக்கு ஓடுறான். நீ காசு குடுத்து வீட்டுக்கு இட்டுக்கினு வர்ற."

"நான் கிறிஸ்டினுண்ணா. எங்களுக்குச் சனீஸ்வரன் கணக்குக் கெடையாது."

"அது அவருக்குத் தெரியுமாடா?" என்றான் காசிலிங்கம். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பவுல்ராஜ் அந்தச் சிரிப்பைச் சீக்கிரமே நிறுத்திக்கொண்டான். அவனுக்கு டயர் மாற்றுவது விளையாட்டுக் காரியமில்லை. அவன் குப்பம் உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டின்மேல் இருந்தது. அங்கிருந்து மேற்கே தார்ரோட்டுக்கு வர ஒரே வழி, உப்பளத்தின் குறுக்கே போகிற மண்கரைதான். மழை பெய்தால் அந்தக் கரை களியாகிவிடும். போன வருஷம் ஐப்பசி மழையில் அவன் பெண்டாட்டி மெர்லினுக்கு வலி கண்டு, இதே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பியவன் பாதிக் கரையில் மாட்டிக்கொண்டான். நாலு சக்கரமும் சுற்றின. சுற்றச் சுற்ற வண்டி புதைந்ததே தவிர நகரவில்லை. பிள்ளை ஜீப்பிலேயே பிறந்தது. ஆண்பிள்ளை. அழவே இல்லை. டாக்டர் கையில் பத்து நிமிஷம் முன்னால் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்தப் பத்து நிமிஷம் பவுல்ராஜின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

அடுத்த இரண்டாம் மாதம் சுனாமி வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஊருக்குள் வந்திருந்ததால் அவர்கள் இருவரும் அவனுடைய அக்கா இன்னாசியம்மாளும் தப்பினார்கள். குப்பத்தில் பாதிப் பேர் தப்பவில்லை. இப்போது மெர்லின் மறுபடி நிறைமாதம். வானத்தில் மேகம் சேரத் தொடங்கிவிட்டது.

"இந்த வாட்டி வண்டி நிக்கக் கூடாதுண்ணா," என்றான் பவுல்ராஜ். "என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாது. நிக்கக் கூடாது."

காசிலிங்கம் அதற்கப்புறம் கிண்டல் பண்ணவில்லை. ராணுவம் ஏலத்தில் தள்ளிவிட்ட கிழட்டு ஜீப் அது. பெரிய டயரைப் போட்டுச் சக்கரத்தை முழுசாக ஒடித்தபோது டயர் மட்கார்டில் போய் உரசியது. மட்கார்டின் ஓரத்தை வெட்டினான். ஸ்பிரிங் பட்டைக்கு அடியில் இரும்புக் கட்டை வைத்துப் பாடியைத் தூக்கினான். "ஸ்பீடாமீட்டரு இனிமே பொய் சொல்லும், காட்டுறத வுட வேகமாத்தான் போவே. ஸ்டீரிங்கும் கனக்கும். பாத்து ஓட்டு," என்றான். வேலை முடிந்தபோது ஜீப் பொய்க்கால் கட்டினவன் மாதிரி உயரமாக நின்றது.

மறுநாள் லேசாகத் தூறியது. பவுல்ராஜ் கரையில் ஓட்டிப் பார்த்தான். வண்டி களிமேல் வழுக்கிக்கொண்டு போய் ஓரத்தில் நின்றது. வயிறு எரியத் திரும்பி வந்தவனைக் காசிலிங்கம் சமாதானப்படுத்தினான்.

"வண்டி லேசு, டயரு பெருசு. வழுக்காம என்ன பண்ணும்? டிராக்டர்காரன் என்ன செய்றான்? டியூப்புல முக்கால்வாசி தண்ணிய ரொப்புறான். கனம் கீழ எறங்குனா சக்கரம் மண்ணக் கடிக்கும். போய்த் தண்ணி கொண்டா."

அங்கேதான் பவுல்ராஜின் மூளை வேலை செய்தது. வேலை செய்யாமல் இருந்திருக்கலாம். உப்பளத்து ஓரத்தில் வளர்ந்தவனுக்கு நல்ல தண்ணீரைவிட உப்புத்தண்ணீர் கனம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வெயிலில் காய்ந்து கெட்டிப்பட்ட பாத்தித் தண்ணீரை டியூப்புக்குள் விட்டால் அது உள்ளேயே உப்பாக இறங்கி வால்வை அடைத்துக்கொள்ளும். கனமாகவும் இருக்க வேண்டும், உப்பாக இறங்கவும் கூடாது. அப்படி ஒரு தண்ணீர் அந்த உப்பளம் முழுக்க ஒரே இடத்தில்தான் இருந்தது.

கடைசிப் பாத்தியில்.

சாயங்காலம் கேன்களோடு போனவனை மேஸ்திரி சகாதேவன் வரப்பில் மறித்தார். சுற்றிலும் எல்லாப் பாத்தியிலும் உப்பு வாரிக் குவித்திருந்தது. இந்த ஒன்றில் மட்டும் தண்ணீர் கறுத்து, டிகாஷன் நிறத்தில், அசையாமல் கிடந்தது. சுனாமி அலை உள்ளே வந்துவிட்டுத் திரும்பிய அன்றைக்கு அங்கே தேங்கியது. குப்பத்து ஜனங்களில் பலரை அந்தப் பாத்தியிலிருந்துதான் தூக்கி எடுத்தார்கள். அதற்கப்புறம் ஒரு கோடை முழுக்க வெயில் அடித்தும் அந்தத் தண்ணீர் வற்றவும் இல்லை, ஒரு கல் உப்பாகவும் இறங்கவில்லை.

"ஊர்ல வேற தண்ணியே இல்லியா உனக்கு?"

"உப்பா எறங்காத தண்ணி வேணும் மேஸ்திரி."

"அது ஏன் எறங்கலன்னு யோசிச்சியா?" சகாதேவன் குரலைத் தாழ்த்தினார். "கரைய வெட்டிக் கடலுக்கே வுட்டுடலாம்னு மொதலாளிகிட்ட எவ்ளோ சொன்னேன், கேக்கல. இது கடலோடது. அது மறந்து வுட்டுட்டுப் போன தண்ணி. இத நாங்க காலால கூடத் தொடறதில்லப்பா."

"மேஸ்திரி, மெர்லினுக்கு நாள் நெருங்குது," என்றான் பவுல்ராஜ். "தண்ணி தண்ணிதானே."

சகாதேவன் வழியை விட்டார். பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் என்ன பேச முடியும்? ஆனால் அவன் கேனை அமுக்கும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்ணீர் கேனுக்குள் கொடகொடவென்று இறங்கவில்லை. சத்தமே இல்லாமல் இறங்கியது.

அந்தத் தண்ணீரை ரொப்பிய பிறகு ஜீப் கரையில் என்னமாய் ஓடியது! எவ்வளவு சகதியிலும் டயர் மண்ணைக் கவ்விப் பிடித்தது. பவுல்ராஜ் ஸ்டீரிங்குக்குமேல் ஒட்டியிருந்த மாதா படத்தைத் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டான். வீட்டுக்கு வந்து மெர்லினின் கையைப் பிடித்து, "இனிமே எமனே வந்து மறிச்சாலும் நிக்காது," என்றான். வாய்க்கொழுப்பு என்று இதைத்தான் சொல்வார்கள்.

அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது.

மீன் ஐஸ்பெட்டி ஏற்றிக்கொண்டு பாண்டிப் பக்கம் போனால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. சரி, அலைன்மென்ட் போயிருக்கும் என்று நினைத்தான். சென்னைப் பக்கம் போனால் வலப்பக்கம் இழுத்தது. மேற்கே திண்டிவனம் ரோட்டில் யாரோ பின்னால் கயிறு கட்டிப் பிடித்திருக்கிற மாதிரி முக்கி முனகிப் போனது. வீட்டுக்குத் திரும்பும்போது, கிழக்கே, ஆக்ஸிலேட்டரில் காலே வைக்க வேண்டியிருக்கவில்லை. அது பாட்டுக்கு ஓடியது.

எந்தப் பக்கம் போனாலும் அது கடலைப் பார்த்தே இழுத்தது.

வாசலில் நிறுத்தினால் காலையில் வண்டி நிறுத்திய இடத்தில் இருக்காது. சமதரையில், கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்தியது, கல்லைப் பொடியாக்கிவிட்டு முன்னால் போய் நிற்கும். வீட்டுக்குள் ஒரு வாடை நுழைந்தது. மீன் வாடை அந்த வீட்டுக்குப் புதுசில்லை. இது வேறு. கடலுக்கு அடியில், வெயிலே படாத சேற்றின் வாடை. டயருக்குப் பக்கத்தில் போனால் குமட்டியது. எஞ்சினை அணைத்த பிறகும் உள்ளே தண்ணீர் அலைந்துகொண்டே இருந்தது. தளக். தளக். இடையிடையே, ரப்பரின் உள்பக்கத்திலிருந்து, உள்ளங்கையால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

"ஏங்க, அந்த வண்டி வேணாங்க," என்றாள் மெர்லின். "நான் வாசலுக்கு வந்தா சத்தம் நின்னுடுது. என்னையே பாக்கற மாதிரி இருக்குது."

பவுல்ராஜ் உடனே சாவியை எடுத்தான். தண்ணீரை இறக்கிவிட்டு நல்ல தண்ணீர் ரொப்பலாம் என்று வண்டியைக் காசிலிங்கத்திடம் கொண்டுபோனான். காசிலிங்கம் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் வால்வு மூடியைப் பிடித்தான். அவ்வளவுதான். ஆளில்லாத வண்டி, மேடு பள்ளம் எதுவுமில்லாத சிமென்டுத் தரையில், கிழக்கே ஒரு முழம் நகர்ந்தது. அவன் ஊன்றிய கைமேல் ஏறி நின்றது. ஏறியது இறங்கவில்லை. அங்கேயே நின்று, நசுக்கியது.

நாலு பேர் சேர்ந்து தள்ளித்தான் அந்தக் கையை உருவ வேண்டியிருந்தது. ஆட்டோவில் ஏற்றும்போது காசிலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "பவுலு, அது தற்செயலு இல்லடா. நான் கைய இழுக்கறேன், அது தேடி வந்து ஏறுது. அந்தத் தண்ணிய வச்சுக்காதே."

அவனும் வைத்துக்கொள்ள நினைக்கவில்லை. ஆனால் ஒர்க்‌ஷாப் பூட்டிக் கிடந்தது. அன்றைக்குத்தான் மழையும் பிடித்தது. அந்த வருஷத்து மழை உங்களுக்கு நினைவிருக்கும். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கழுவெளி ஏரி நிரம்பி உப்பளத்துக்குள் ஏறியது. குவித்த உப்பெல்லாம் கரைந்து போனது. கரையில் சைக்கிள்கூடப் போக முடியவில்லை. போக முடிந்த ஒரே வண்டி அவனுடையது. தண்ணீரை இறக்கினால் அதுவும் நின்றுவிடும். மெர்லினைக் கரை தாண்டி ஊருக்குள் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றால், நாள் இன்னும் பத்துப் பன்னிரண்டு இருக்கிறதே, அதற்குள் மழை விடும் என்றாள் அக்கா. பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் இந்தச் சனியனைத் தலைமுழுகலாம் என்று பவுல்ராஜ் முடிவு பண்ணினான். பயந்துகொண்டேதான் முடிவு பண்ணினான்.

வலி சொல்லாமல் கொள்ளாமல் வந்தது.

பகல் சாப்பாட்டு நேரம்தான். ஆனால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு இருட்டியிருந்தது. மெர்லினைப் பின்சீட்டில் படுக்கவைத்து, தலையை மடியில் ஏந்திக்கொண்டு இன்னாசியம்மாள் உட்கார்ந்தாள். பவுல்ராஜ் நாலு வீல் கியரைப் போட்டுக் கரைமேல் ஏறினான். மேற்கே எங்கோ, மழைக்கு அப்பால், தார்ரோடு இருந்தது. கடல் முதுகுப் பக்கம் இரைந்துகொண்டிருந்தது.

முதல் கியரில்கூட வண்டி அழுதது. டயர் வழுக்கவில்லை, நன்றாகத்தான் கவ்வியது. கவ்விக்கொண்டு நகர மறுத்தது. அங்குலம் அங்குலமாக முன்னேறிக் கடைசிப் பாத்திக்கு நேராக வந்தார்கள். மழைநீர் ஏறி எல்லாப் பாத்தியும் ஒன்றாகி வெளுத்துக் கிடக்க, அந்த ஒரு சதுரம் மட்டும் கலக்காமல் கறுப்பாகத் தெரிந்தது.

அங்கே வண்டி நின்றது.

"தம்பி, நிறுத்தாதடா!"

"நான் நிறுத்தலக்கா."

சக்கரங்கள் முன்னால் சுற்றிக்கொண்டிருந்தன. களி பின்னால் வாரி அடித்தது. எஞ்சின் தொண்டை கிழியக் கத்தியது. அப்படிச் சுற்றச் சுற்றவே, ஜீப் மெதுவாகப் பின்னால் போனது.

பவுல்ராஜ் பிரேக்கை மிதித்தான். சக்கரம் நின்றது.

வண்டி நிற்கவில்லை.

கிழக்கே போய்க்கொண்டே இருந்தது. குப்பத்தைப் பார்த்து, குப்பத்துக்கும் அப்பால் இரைகிறதே, அதைப் பார்த்து.

"ஏங்க..." மெர்லினின் குரல் வலியையும் மீறித் தணிந்து வந்தது. "சீட்டுக்கு அடியில யாரோ பேசறாங்க."

அவனுக்கும் கேட்டது. தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற குரல்கள். ஒன்றா, நூறா, தெரியவில்லை. அதில் ஐஸ் உடைக்கிற மரியானின் கட்டைக்குரல் இருந்தது. எதிர்வீட்டுப் பெண்ணின் மூக்குக்குரல் இருந்தது. இரண்டு பேருமே அலையில் போனவர்கள். எல்லாம் சேர்ந்து ஒன்றையே முணுமுணுத்தன.

நீ மட்டும் எங்க போற?

நீ மட்டும்?

கெஞ்சலாக இருந்திருந்தால் பவுல்ராஜ் அழுதிருப்பான். அது கெஞ்சல் இல்லை. தப்பிப் பிழைத்தவன்மேல் செத்தவர்களுக்கு இருக்கிற வன்மம் அது. இன்னாசியம்மாள் 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கினாள், பாதியில் நிறுத்தினாள். பிள்ளையின் தலை தெரிந்துவிட்டது.

போன வருஷம் இதே கரையில் ஸ்டீரிங்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவன் கண்ணுக்குள் வந்தது. இன்னொரு தடவை உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மழையில் குதித்தான். காசிலிங்கத்தின் கை நினைவுக்கு வந்தது. வரட்டும். கை போனால் போகட்டும்.

வண்டி நகர நகர முழங்காலால் தவழ்ந்துகொண்டே முன்சக்கரத்தின் வால்வைத் தேடினான். டயரின் பக்கவாட்டு ரப்பர் புடைத்துப் புடைத்து அடங்கியது. உள்ளேயிருந்து ஐந்து விரல் அழுந்துகிற மாதிரி. வால்வின் இரும்பு மூடியைக் கழற்றித் திருப்பிப் போட்டு, அதையே சாவியாக்கி, உள்ளே இருந்த ஊசியைத் திருகி எடுத்தான்.

தண்ணீர் முகத்தில் அறைந்தது. ஐஸ் மாதிரி குளிர். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். அந்தச் சின்ன ஓட்டை வழியே தண்ணீரோடு ஒரு முடி வந்துகொண்டிருந்தது. நீளமான, பெண்பிள்ளை முடி. வந்துகொண்டே இருந்தது. அவன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு இழுத்தது.

அறுத்துக்கொண்டு அடுத்த சக்கரத்துக்குப் போனான்.

இரண்டாவது. மூன்றாவது. ஒரு டயருக்குள் அவ்வளவு தண்ணீர் இருக்க முடியாது. வெளியே வந்த தண்ணீர் கரையின் இரண்டு பக்கச் சரிவிலும் வழியவில்லை. கிழக்கேயும் ஓடவில்லை. ஜீப்புக்கு அடியில் கறுப்பாகக் குளம் கட்டி நின்றது. வண்டி இப்போது அசையவில்லை.

"தம்பி..." பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. அந்தக் குரலைக் கேட்டதுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. "தம்பி, புள்ள பொறந்துடுச்சு. அழலடா."

"முதுகுல தட்டுக்கா!"

"தட்டறேன்டா. நீலமா இருக்குதுடா."

மெர்லின் கத்தவில்லை. "மறுபடியுமா?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள்.

பவுல்ராஜ் அழுதுகொண்டே நாலாவது சக்கரத்தில் விழுந்தான். ஊசியைத் திருகினான். "எடுத்துக்கிட்டுத் தொலைங்க! உங்க தண்ணிய எடுத்துக்கிட்டு என் புள்ளைய வுடுங்க!" என்று மழையைப் பார்த்துக் கூச்சலிட்டான். தண்ணீர் பீய்ச்சி அடித்து, மெலிந்து, சொட்டி, புஸ்ஸென்று காற்றோடு நின்றது.

முணுமுணுப்பு நின்றது.

குனிந்து பார்த்தான். ஜீப்புக்கு அடியில் குளம் இல்லை. ஒரு சொட்டு இல்லை. மழை நனைத்த வெறும் மண்தான் இருந்தது.

அந்த நிமிஷம் பிள்ளை வீறிட்டது.

என்ன அழுகை! உப்பளம் முழுக்கக் கேட்கிற அழுகை. பவுல்ராஜ் சகதியில் மண்டியிட்டு, "மாதாவே, மாதாவே," என்று மாரில் அடித்துக்கொண்டான். அப்புறம் ஏறி வண்டியைக் கிளப்பினான். காற்றில்லாத டயர்கள் பப்படமாகப் படர்ந்து, சகதியைத் தட்டையாகப் பிடித்துக்கொண்டு, தபதபவென்று அடித்தபடி மேற்கே ஓடின. யாரும் பின்னால் இழுக்கவில்லை. வழிநெடுகப் பிள்ளை அக்காவின் தோளில், வந்த வழியைப் பார்த்தபடி அழுதுகொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் கையில் வாங்கிய நர்ஸ் ஒரு நொடி தடுமாறி, "பாத்தா பொடிசா இருக்குது, என்னாம்மா இந்தக் கனம் கனக்குது!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தாயும் பிள்ளையும் நலம். வேறென்ன வேண்டும்? கையில் கட்டோடு காசிலிங்கம் பார்க்க வந்தான். பிள்ளையை வாங்கிக்கொள்ளச் சொன்னபோது மட்டும், கை வலிக்கிறது என்று சொல்லித் தள்ளியே நின்றான்.

ஜீப்பை இரும்புக் கடைக்குப் போட்டான் பவுல்ராஜ். கடலே வேண்டாம் என்று தை பிறந்ததும் குடும்பத்தோடு மேற்கே பெருமுக்கல் பக்கம் வந்துவிட்டான். மலையடிவாரத்தில் வாடகைக்கு ஒரு ஓட்டுவீடு. கல்குவாரி லாரியில் டிரைவர் வேலை. அங்கே உப்புக்காற்று கிடையாது. அலைச் சத்தம் கிடையாது. பல மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டான், அடித்துப்போட்ட மாதிரி தூங்கினான். பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது. பகலெல்லாம் அம்மாவிடமே கிடந்தது, அவ்வளவாக அழுவதும் இல்லை. கொடுத்துவைத்தவன் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காற்றே இல்லாத புழுக்கம். பவுல்ராஜ் சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்தவன் தூளியைப் பார்த்தான். விட்டத்தில் பழைய புடவையைப் போட்டு மெர்லின் கட்டியிருந்த தூளி. பிள்ளை உள்ளே இருந்தது.

தூளி நேராகத் தொங்கவில்லை.

கிழக்கே சாய்ந்திருந்தது. மெர்லின் ஆட்டிவிட்டுப் போயிருப்பாள், திரும்பி வரும் என்று காத்திருந்தான். அது ஆடவில்லை. சாய்ந்தது சாய்ந்தபடி, புடவை விறைத்து, முடிச்சு இறுகி, அந்தரத்தில் நின்றது.

கிட்டே போனான். தூளியைப் பிடித்து நேராக இழுத்து நிறுத்தினான். என்ன கனம்! விட்டதும் மெல்லப் போய்ப் பழையபடியே நின்றது. எட்டிப் பார்த்தான். பிள்ளை விழித்திருந்தது. அவனைப் பார்க்கவில்லை.

அவன் இரண்டு கையாலும் பிள்ளையைத் தூக்கப் போனான்.

"வுட்டுடுங்க," என்றது பின்னால் ஒரு குரல்.

மெர்லின் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை, பயமும் இல்லை. பிள்ளை பெற்ற நாளிலிருந்து சரியாகத் தூங்காத கண்கள் மட்டும் இருந்தன. அவள் வந்து அவன் கையைத் தூளியிலிருந்து மெதுவாக விலக்கினாள்.

"கெழக்காலயே இருக்கட்டுங்க," என்றாள் கிசுகிசுப்பாக. "இந்தப் பக்கம் திருப்புனா மூச்ச நிறுத்திடறான்."